உள்ளே எத்தனை பேர்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை பன்னும் டீயுமாகவே காலத்தை ஓட்டுகிறாயா? போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் கேட்டால் காகிதத்தில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீ கேட்ட அனுமதி கிடைத்துவிட்டது. மேலாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். "உங்க தம்பி இங்க வந்து என்ன ஆராயப் போறார், ஐஸ்கட்டியையா?" என்றார். பொருள்களின் இணையம், மேலாண்மை, முடிவெடுத்தல் என்று நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். எனக்கே பாதி புரியவில்லை. கடைசியில், "கையில பட்டை கட்டினதுக்கப்புறம் வேலை எப்படி மாறியிருக்குன்னு பார்க்கப் போறான் சார்" என்று தமிழில் சொன்னேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. பட்டை வாங்கியது அவர்தானே!

வருவதற்கு முன் இடத்தைத் தெரிந்துகொள். உறையவைத்த காய்கறியும் இறைச்சியும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வந்து போகும் கிடங்கு. நடுவில் பெரிய குளிரறை, பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. இருபது நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே என்பது சட்டம். வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவரை நாங்கள் வாசலண்ணன் என்போம். ஆள் உள்ளே போனால் கரும்பலகையில் ஒரு கோடு போடுவார், வெளியே வந்தால் அழிப்பார். பலகை சுத்தமாக இல்லாமல் கதவைச் சாத்த விடமாட்டார். பதினொரு வருடமாக இதுதான் அவர் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் எல்லோருக்கும் மணிக்கட்டுப் பட்டை வந்தது. யார் எங்கே, நிற்கிறாரா நடக்கிறாரா என்று அது திரைக்குச் சொல்லும். திரை மதிப்பெண் போடும்.

நான் இந்த ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளர். என் வாய்ச்சொல்லை நம்பித்தான் உன்னை உள்ளே விடுகிறார்கள். மானத்தை வாங்கிவிடாதே.

உன் அத்தான் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக ஹோட்டலுக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். போதுமா? அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சௌக்கியம், கொஞ்சம் தூக்கம்தான் பாக்கி.

அனுமதிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நாலு வருடமாக இந்த ஆய்வேட்டைச் சுமந்துகொண்டு அலைகிறேன். இரண்டு கம்பெனிகள் கடைசி நேரத்தில் கையை விரித்தன. என் நெறியாளர் போன வாரம், "இந்த வருஷம் முடிக்கலேன்னா பதிவே காலாவதி ஆயிடும் தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கேட்கும் கேள்வி ரொம்ப எளிமையானது. கதவு, வண்டி, மனிதர் எல்லாமே தகவல் அனுப்ப ஆரம்பித்துவிட்டால், மேலாளர் எந்தத் தகவலை நம்பி முடிவெடுக்கிறார்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைத்தால் போதும், கரையேறிவிடுவேன். பிப்ரவரியில் மூன்று வாரம் வருகிறேன். யார் பெயரையும் எழுத மாட்டேன், கவலைப்படாதே.

எல்லாப் பொருளுக்கும் இணையம் வந்துவிட்டது, நமக்கு மட்டும் இன்னும் தபால்காரர்தான் என்று நீ சிரிப்பாய். சிரி.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் மூன்று வாரம் உட்கார்ந்து தின்றதில் சட்டைப் பொத்தான் திணறுகிறது. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா, அடித்தது யோகம்! பட்டைத் தகவல்களை எல்லாம் கொட்டி அலசினேன். உன் ஷிஃப்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் ஒரே சமயத்தில் உள்ளே போகிறார்கள், ஒரே சமயத்தில் வெளியே வருகிறார்கள். ஒருவர் திரும்பினால் ஐவரும் திரும்புகிறார்கள். ஒரு நாள் அல்ல, ஐம்பது நாளாக! மதிப்பெண் எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். கிடங்கிலேயே உயர்ந்த மதிப்பெண். இப்படி ஒரு ஒத்திசைவை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்று நெறியாளர் துள்ளிக் குதிக்கிறார். ஐவர் குழு என்று பெயர் வைத்து ஒரு அத்தியாயமே எழுதுகிறேன்.

நீ அவர்களை எப்படிப் பழக்கினாய்? நான் அங்கே இருந்தபோது அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இருந்ததாகத்தான் ஞாபகம். என் கண்ணைவிட சென்சார் கண் கூர்மை போலிருக்கிறது. ரகசியத்தைச் சொல்லு.

உன் தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானின் இருமல் விட்டுவிட்டது. அம்மா மாடி ஏறுவதில்லை, கீழே உட்கார்ந்தபடியே ஏவி என்னை ஏறவைக்கிறாள். நீ விட்டுப்போன நீலத் துண்டு இங்கே இருக்கிறது.

ரகசியமாவது மண்ணாவது. நல்ல பிள்ளைகள், வேலை செய்கிறார்கள். அதைப் போய் அத்தியாயம் கித்தியாயம் என்று பெரிதுபண்ணாதே. வேறு நல்ல விஷயம் எவ்வளவோ இருக்கிறது. வெப்பநிலைக் கருவி இருக்கிறது, லாரி வரும் நேரம் இருக்கிறது, அதையெல்லாம் எழுதேன். உன் கண்ணால் பார்த்தது என்னவோ அதை நம்பு.

இன்றைக்கு மழை. கிடங்கு வாசலில் தண்ணீர் தேங்கி, வாசலண்ணன் ஸ்டூலின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணினார். எல்லோருக்கும் சிரிப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நலம் என்ன, மிதக்கிறேன். அம்மாவிடம் சொல், வாய்மொழித் தேர்வு ஜூன் பதினெட்டாம் தேதி. அவள் பிள்ளைக்கு டாக்டர் பட்டம், ஊசி போடத் தெரியாத டாக்டர்!

இன்னொன்று. உங்கள் தலைமை அலுவலகத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஐவர் குழு அத்தியாயத்தைக் காட்டினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். பட்டைத் தகவல் இவ்வளவு ஒழுங்காக வருகிறதென்றால் மனிதக் காவல் எதற்கு என்று அவர்களே கேட்டார்கள். குளிரறைக்குள் எத்தனை பட்டை இருக்கிறதென்று கதவுக்கே தெரியும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், விளக்கு அணையும். மின்சாரம் எக்கச்சக்கமாக மிச்சம். உள்ளே இருக்கும் அபாய மணிகூட அடிக்கடி பெட்டி இடித்துத் தவறாக அடிக்கிறதாம். உள்ளே பட்டையே இல்லாதபோது மணி அடித்தால் அதைத் தவறான மணி என்று ஒதுக்கிவிடலாம் என்று என் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறை. உன் வாசலண்ணனுக்கு வேறு வேலை கொடுப்பார்களாம். அந்த ஈர வாசலில் உட்காருவதிலிருந்து அவருக்கு விடுதலை.

பட்டம் கைக்கு வந்ததும் ஆலோசகர் பதவி என்று பேச்சு. எல்லாம் நீ போட்ட பிள்ளையார் சுழி.

உன் தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு நிதானம் இல்லை. இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படி. போனில் சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோர் போனிலும் கம்பெனி ஏதோ ஏற்றி வைத்திருக்கிறது. அது என்னத்தைக் கேட்கும், என்னத்தைக் கேட்காது என்று யாருக்கும் தெரியாது.

ஐவர் குழு என்று ஒன்று இல்லை. ஐந்து பட்டைகள்தான் இருக்கின்றன, ஒரு தள்ளுவண்டியின் கைப்பிடியில்.

பத்து நிமிடம் வெளியே நின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்வது சட்டம் என்று சொன்னேன் அல்லவா? திரைக்கு அந்தச் சட்டம் தெரியாது. நிற்கிறவன் சும்மா நிற்கிறான் என்று மதிப்பெண்ணைக் குறைக்கும். மூன்று வாரம் அறுபதுக்குக் கீழே போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நவம்பரில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அதனால் பிள்ளைகள் பட்டையைக் கழற்றி வண்டியில் கட்டிவிட்டார்கள். வண்டி நாளெல்லாம் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருக்கும். யார் தள்ளினாலும் ஐந்து பேருக்கும் மதிப்பெண் ஏறும். மற்றவர்கள் சட்டப்படி வேலை செய்து, சட்டப்படி ஓய்வெடுப்பார்கள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

வாசலண்ணன் ஸ்டூலில் இருக்கிறவரை இதில் ஆபத்து இல்லை. அவர் பட்டையை எண்ணுவதில்லை, தலையை எண்ணுகிறார். இப்போது புரிகிறதா? வண்டி வெளியே வந்தால் கதவுக்கு உள்ளே ஆளே இல்லை என்று அர்த்தம். உள்ளே ஒருத்தன் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பான். கதவு சாத்திக்கொள்ளும், விளக்கு அணையும். அவன் மணி அடித்தால் அதுவும் தவறான மணி!

தலைமை அலுவலகத்துக்கு எழுது. கணக்கு தப்பிவிட்டது, ஸ்டூலை எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுது. காரணத்தை நீ எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள். பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல உனக்கு வழி தெரியும், படித்தவன். உன் பட்டம் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உடனே பதில் எழுது.

அக்கா

மே 12

தம்பிக்கு,

சௌக்கியமா? இருபத்தெட்டு நாளாயிற்று. தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிறேன். "யார்கிட்டேர்ந்து எதிர்பார்க்கறே, காதல் கடுதாசியா?" என்று அத்தான் கிண்டல் செய்கிறார். அவரிடம் இதை எல்லாம் சொல்லவில்லை.

இன்று கதவுக்கு மோட்டார் பொருத்த ஆட்கள் வந்தார்கள். வாசலண்ணன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "என் வேலையைப் பார்க்கப் போற ஆளு, நல்லா கவனிச்சுக்கணும்ல?" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதம் வந்ததா? வந்தது என்று ஒரு வரி போடு.

அக்கா

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அறை மாற்றிவிட்டேன். புது அறையில் காற்று நன்றாக வருகிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு சைக்கிள் கடை. நாள் முழுக்க யாராவது காற்றடித்துக்கொண்டிருக்கிறார்கள். தேர்வுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், காலையிலும் மாலையிலும் தேய்க்க வேண்டும். அத்தானுக்குப் புது மூக்குக் கண்ணாடி போட்டாயிற்றா?

வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ரொம்பக் கறாரானவர் என்கிறார்கள். ஆய்வேட்டை மூன்று பிரதி கட்டிக் கொடுத்துவிட்டேன். இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அக்கா, அந்த ஐந்து பட்டை விஷயத்தை இனிமேல் கடிதத்தில் எழுதாதே. யாரிடமும் பேசவும் செய்யாதே. ஒன்றும் ஆகாது. அவர்களைப் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளச் சொல், அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. உன் ஷிஃப்ட், உன் பொறுப்பு.

எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல் அம்மாவிடம்.

உன் தம்பி

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

டாக்டர் ஆகிவிட்டாய். தந்தியடித்ததுபோல நீ போனில் சொன்னதும் அம்மா தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். முழங்கால் வலி எங்கே போயிற்றோ! தைலம் வந்தது, நன்றாகக் கேட்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

நீ சொன்னபடியே செய்தேன். ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பட்டையைக் கையில் கட்டவைத்தேன். முதல் வாரமே மதிப்பெண் ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது என்று இறங்கியது. ஐவர் குழுவுக்கு என்ன ஆயிற்று என்று மேலே இருந்து கேள்வி வந்தது. அந்தப் பேரை அவர்களுக்குக் கொடுத்தது நீ. இரண்டாம் வாரம் இரண்டு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாம் வாரம் பட்டை மறுபடி வண்டிக்குப் போய்விட்டது. ஒட்டடைக்குச்சி என்று ஒருவன் இருக்கிறானே, உனக்குக் கையுறை கொடுத்தவன், அவன் என் முகத்தைப் பார்த்து, "வேற என்னக்கா செய்யறது?" என்றான்.

நேற்று மேலாளர் அறை வாசல்வரைக்கும் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உள்ளே உன் படம் போட்ட செய்தித்தாளைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, டாக்டரோட அக்கா!" என்றார். அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் நாடா தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் தேதியிலிருந்து வாசலண்ணனை உள்ளே பெட்டி அடுக்கப் போடுகிறார்கள். அவருக்கும் பட்டை கொடுத்தாயிற்று. நம்மில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். உனக்கு இப்போது பட்டமும் வந்துவிட்டது. இன்னும் எதற்குப் பயம்?

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? புது வேலையில் சேர்ந்துவிட்டேன். கம்பெனி எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறது, சுழலும் நாற்காலியோடு. அம்மாவுக்கு அதன் படம் இதோடு வைத்திருக்கிறேன். இன்னும் நான்கு கிடங்குகளில் இதே ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பு என்னுடையது. போன வாரம் கருத்தரங்கு ஒன்றில் பேசினேன். மூன்று பேர் வந்து கை குலுக்கினார்கள்.

அத்தானின் கண்ணாடி பற்றி நீ எழுதவே இல்லை. அவருக்குப் பொருந்துகிறதா? மழைக்காலம், வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிடங்கில் இருபது நாள் ஓடிவிட்டது. திரையில் பார்க்கிறேன், ஒரு குறை கிடையாது. நான்தான் சொன்னேனே! எல்லாம் நல்லபடியாகப் போகிறதுதானே அக்கா? ஆமாம் என்று ஒரு வரி எழுது. உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது.

உன் தம்பி

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததைக் கேள்விப்பட்டேன். மனசு சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி இருக்கிறாள்? கால் தேவலையா? அத்தான் நலமா? எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். இங்கே மழை விட்டுவிட்டது.

விசாரணைக் குழு எழுத்தில் கேட்டிருந்தது, எழுத்தில் பதில் கொடுத்துவிட்டேன். நீ அலைய வேண்டியிருக்காது.

பழைய கடிதங்களை எல்லாம் நீ சேர்த்து வைத்துக்கொள்கிற வழக்கம் இன்னும் இருக்கிறதா? மழைக்காலத்தில் காகிதம் இருந்தால் கரையான் வரும். மொத்தமாக எரித்துவிடு.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ கேட்டதற்கெல்லாம் அது போதும்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். ஜூலை முப்பதாம் தேதி, காலை பதினொன்று பத்துக்கு ஒட்டடைக்குச்சி வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். அதில் ஆறு பட்டை. அந்த வாரம் வாசலண்ணனும் தன்னுடையதைக் கட்டியிருந்தார், மதிப்பெண் நாற்பதுக்கு வந்துவிட்டது என்று. லாரி வந்துவிட்டதால் எல்லோரும் ஏற்றுமிடத்துக்கு ஓடினோம், அதற்குப் பிறகு வண்டியும் அங்கேயேதான் ஓடியது. உள்ளே மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அண்ணன் குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய நாளாக இருந்தால் பலகையில் ஒரு கோடு மிச்சம் இருந்திருக்கும்.

கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. உள்பக்கத்துக் கைப்பிடி பனி பிடித்து இறுகிக் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தோம். முன்பெல்லாம் அதைத் தினமும் தட்டிவிடுகிறவர் அவர்தான். மணியை நாற்பத்தொரு தடவை அடித்திருக்கிறார். நாற்பத்தொன்றும் பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே தவறான மணி, தவறான மணி என்று. பன்னிரண்டரைக்கு, வண்டி தள்ளுகிறவனைத் தவிர மற்றவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அண்ணன் எங்கே?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். திரையில் அவர் ஏற்றுமிடத்தில் இருந்தார். நன்றாக நடந்துகொண்டிருந்தார். மதிப்பெண் எண்பத்தெட்டு.

நான்தான் கதவைத் திறந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கைவிரல்களை எழுத எனக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவர் மனைவி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினொரு வருஷம் எல்லாரையும் எண்ணி எண்ணி வெளிய அனுப்பினாரே, அவரை எண்ண ஒருத்தர் இல்லையா?" என்று கேட்டார். நான் அந்தக் கையை உதறிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பயந்துவிட்டேன் தம்பி.

உன் பதிலை விசாரணைக் குழு எங்களுக்குப் படித்துக் காட்டியது. தொழிலாளர்கள் பட்டையைக் கழற்றும் இப்படி ஒரு பழக்கம் இருந்தது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் எச்சரித்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். பிழை இல்லாத நல்ல தமிழ். அதை வைத்து ஒட்டடைக்குச்சியையும் மற்ற நாலு பேரையும் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறார்கள். அண்ணன் மேலேயே கூடப் பழியைப் போடுகிறார்கள், பட்டையைக் கழற்றியது அவர் தப்பாம்.

உன்னிடம் நானும் ஒன்றைச் சொல்லாமல் இருந்தேன். பட்டையை வண்டியில் கட்டலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நான். நவம்பரில் அந்த இரண்டு பேர் போனபோது தாங்க முடியாமல் சொன்னேன். பிள்ளைகள் கட்டிவிட்டார்கள் என்று ஏப்ரலில் உனக்கு எழுதும்போதுகூட அதை விழுங்கிவிட்டேன். அண்ணன் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம். அந்தத் தைரியத்தின் மேல்தான் நாம் இரண்டு பேரும் வாழ்ந்திருக்கிறோம்.

வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரடி விசாரணை. நானாகக் கேட்டு வாங்கிய நேரம். முதலில் என் பங்கைச் சொல்வேன். வேலை போகும், அதற்கு மேலும் ஏதாவது வரும், வரட்டும். பிறகு நீ மே இருபத்தொன்பதாம் தேதி எழுதிய கடிதம். எதையும் எரிக்கவில்லை. நீ அன்று பத்தரைக்குள் வந்துவிட்டால் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிடுகிறேன், நீயே எழுந்து நின்று படி. வராவிட்டால் நான் படிப்பேன். அந்த நாலு கிடங்குகளிலும் இன்று காலையில்கூட ஆட்கள் உள்ளே போயிருக்கிறார்கள். அதை யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தானுக்குத் தெரியும். அம்மாவுக்கும் நேற்று சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அவனுக்குத் தெரியுமா?" என்று. "தெரியும்மா" என்றேன்.

வருவதாக இருந்தால் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வா. அன்றைக்கு இங்கே சமைக்க யாருக்கும் கை வராது.

அக்கா